பெரிய ஆஸ்பத்திரியா, போதை மாற்று மருந்து மையமா? ஊசிப் போதையும் ஹெபடைடிஸ் சி சிகிச்சையும்

ஊசி வழியே போதை எடுப்பவருக்கு, ரத்தம் வழியே பரவிக் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பது தெரிந்தால், ஒரு காலத்தில் கிடைத்த பதில் ஒன்றுதான்: "முதல்ல பழக்கத்தை விட்டுட்டு வா." அப்போது அதற்கு ஓரளவு நியாயமும் இருந்தது. கைவசம் இருந்தது இன்டர்ஃபெரான். வாராவாரம் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. காய்ச்சல், உடம்புவலி, ரத்தசோகை, மனச்சோர்வு எல்லாம் தாங்கிக்கொண்டாலும் வைரஸின் சில வகைகளில் பாதிப் பேருக்குத்தான் குணம். 2013 டிசம்பரில், வைரஸையே நேரடியாகத் தாக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நியாயம் அத்தோடு போயிற்று. பதில் மட்டும் பல ஓ.பி. அறைகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

முதலில் மாத்திரைகளைப் பார்த்துவிடலாம். நம் நாட்டில் முக்கியமாக இரண்டு ஜோடிகள். சோஃபோஸ்புவிரோடு டக்ளாடஸ்விர்: கல்லீரல் சுருங்காதவர்களுக்கு 12 வாரம். சோஃபோஸ்புவிரோடு வெல்படஸ்விர்: இரண்டும் ஒரே மாத்திரையில், கல்லீரல் சுருக்கம் தொடங்கிவிட்டவர்களுக்கு. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவை இலவசம். வெளிநாடுகளில் இன்னொன்று உண்டு: கிளெகாப்ரெவிர், பிப்ரென்டஸ்விர் சேர்ந்தது. தினம் மூன்று மாத்திரை, சாப்பாட்டோடு; பலருக்கு 8 வாரத்திலேயே முடிந்துவிடும். ஆனால் வயிற்றில் நீர் கோத்த நிலைக்குப் போனவருக்குக் கொடுக்கவே கூடாது.

மூன்றிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஹெராயின் போன்ற போதைக்குப் பதிலாக மையத்தில் கொடுக்கும் மாற்று மருந்துகளான பியூப்ரெனார்ஃபினோடும் மெத்தடோனோடும் எதுவும் மோதுவதில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு மூன்றுமே ஆகாது. எஃபாவிரென்ஸ் எடுக்கும் எச்.ஐ.வி. நோயாளிக்கு டக்ளாடஸ்விரின் அளவைக் கூட்ட வேண்டும், வெல்படஸ்விர் தவிர்க்க வேண்டும். 'கேஸ் மாத்திரை' என்று நாமே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகையறா வெல்படஸ்விர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். யாரும் இதைக் கேட்பதும் இல்லை, நோயாளி சொல்வதும் இல்லை. இவ்வளவுதான் வித்தியாசம். மாத்திரைப் பெயரில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

உண்மையான போட்டி, அதை எங்கே கொடுப்பது என்பதில்தான்.

பெரிய ஆஸ்பத்திரி வழி எப்படிப் போகும்? வைரஸ் எப்போதாவது உடம்பில் நுழைந்ததா என்று காட்டும் ஆன்டிபாடி டெஸ்டுக்கு ஒரு நாள். இப்போது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடுக்கு ரத்தம் கொடுக்க இன்னொரு நாள். வருடக்கணக்கில் குத்திக் குத்தி நரம்பு அமுங்கிப்போன கையில் நர்ஸ் மூன்றாவது இடத்தில் தேடும்போது, பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கத் தொடங்கும். ஸ்கேனுக்குத் தனி நாள், முடிவு வாங்கத் தனி நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். காலையில் போதையோ மாற்று மருந்தோ எடுக்காமல் கிளம்பியவருக்கு, டோக்கன் நம்பர் வருவதற்குள் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். அவர் எழுந்து போனால் நோட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவார்கள்.

மாற்று மருந்து மையத்துக்கு அதே ஆள் தினமும் வருகிறார். பியூப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போட்டு, கரையும்வரை உட்கார வைப்பார்கள். அந்தச் சில நிமிடத்தில் ஹெபடைடிஸ் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலிருந்தே, ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவையும் ரத்தத் தட்டணு எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனமும் 2022 வழிகாட்டுதலில், இத்தகைய மையங்களிலும் சிறைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிகிச்சை தரச் சொல்கிறது.

"ஊசி போடுறவன் ஒழுங்கா மாத்திரை சாப்பிடுவானா?" சமீபத்தில் ஊசி போட்டவர்களை மட்டும் சேர்த்து, சோஃபோஸ்புவிர்-வெல்படஸ்விர் கொடுத்துப் பார்த்த 'சிம்ப்ளிஃபை' ஆய்வில் 94% பேர் குணமானார்கள். அமெரிக்காவின் 'ஹீரோ' ஆய்வு, ஒரு குழுவைக் கண்முன்னே விழுங்கவைத்தது. இன்னொரு குழுவுக்கு மாத்திரையைக் கொடுத்தனுப்பி, கூடவே வழிகாட்ட ஒரு ஆளையும் போட்டது. இரண்டிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் குணம். அதனால் தினமும் வர முடியாதவருக்கு மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆஸ்திரேலியா 2016 மார்ச்சிலேயே, இப்போதும் ஊசி போடுகிறவரா என்ற கேள்வியையே எடுத்துவிட்டது. குடும்ப டாக்டரே எழுதிக் கொடுக்கலாம்.

மணிப்பூரைப் பாருங்கள். மியான்மர் எல்லை வழியாக வரும் ஹெராயினால் பல பத்தாண்டுகளாக அடிபட்ட மாநிலம். சூராசந்த்பூரிலிருந்து இம்பால் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் 2023 மே மாதம் மெய்தேய், குக்கி சமூகங்களுக்கிடையே வெடித்த கலவரத்துக்குப் பிறகு, குக்கி சமூகத்தவர் ஒருவர் மெய்தேய்கள் பெரும்பான்மையாக உள்ள இம்பாலின் ஆஸ்பத்திரிக்கு அந்தச் சாலையில் போய்வருவது நடக்காத காரியமாகிவிட்டது. ஊருக்குள்ளேயே இருக்கும் மையம்தான் அவருக்கு வழி.

ஆஸ்பத்திரி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. வயிறு வீங்கியவர், ரத்த வாந்தி எடுத்தவர், ஒருமுறை மருந்து சாப்பிட்டும் குணமாகாதவர், ஹெபடைடிஸ் பி-யும் உள்ளவர். இந்தக் கடைசி வகையில் சி வைரஸை அடக்கும்போது பி தலைதூக்கலாம். அதனால் பி பரிசோதனை செய்யாமல் எந்த மையமும் மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

"குணப்படுத்தினா மறுபடி வந்துடும்" என்ற வாதத்திலும் மையத்துக்கே என் ஓட்டு. மறுதொற்று வரும்தான், ஒருமுறை குணமானால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை. ஆனால் மாற்று மருந்து தொற்று அபாயத்தைப் பாதியாக்குகிறது. சுத்தமான ஊசியும் தாராளமாகக் கிடைத்தால் முக்கால்வாசி குறைகிறது என்பது தொகுப்பாய்வுக் கணக்கு. ஊசியிலும் வகை இருக்கிறது. முனையைக் கழற்றும் சிரிஞ்சின் கழுத்தில் ரத்தம் தங்கும். அப்படித் தங்கிய ரத்தத்தில் வைரஸ் 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இன்சுலின் சிரிஞ்ச் போல முனை ஒட்டியே இருப்பதில் தங்குவது மிகக் குறைவு. கலக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, தண்ணீர் இவற்றைப் பகிர்ந்தாலும் தொற்றும். இதையெல்லாம் உட்கார்ந்து பேச ஓ.பி.யில் ஏது நேரம்?

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து வைரல் லோடு பார்க்க வேண்டும். பிறகும் ஊசி தொடர்பவருக்கு அவ்வப்போது அதே டெஸ்டைத்தான் எடுக்க வேண்டும். ஆன்டிபாடி டெஸ்ட் குணமானவருக்கும் பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.