‘எஃப்.சி. கண்டிப்பா பாஸ் ஆகும்’ என்ற பேச்சுக்கு 1,86,000 ரூபாய்: செட்டிநாட்டுப் பக்கம் ஜீப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஜீப் வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பதினைந்து ஆண்டு முடியப்போகிற பழைய மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பிறகு வண்டியை மாற்றிக் கட்டும் கடைக்குப் போங்கள். எஃப்.சி. என்கிற தகுதி ஆய்வில் வண்டி கண்டிப்பாகத் தேறும் என்ற பேச்சை நம்பி நான் ஏமாந்த கதை இது. பணம் போய்ச் சில நாள்கள்தான் ஆகின்றன. கோபம் அடங்கவில்லை, அடங்கும் வரை காத்திருந்து எழுதுகிற எண்ணமும் இல்லை. ஜீப்புகளை உயர்த்திக் கட்டி, பெரிய டயர் மாட்டித் தருகிற ஒரு பட்டறையும் கடையும் சேர்ந்த இடம் அது. புறவழிச்சாலை ஓரம் இருக்கிறது என்பதற்கு மேல் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.

எங்கள் வண்டி 2011-இல் பதிவான தார், நாலு சக்கர டிரைவ். தைலமரத் தோப்புக்குப் போகும் கண்மாய்க்கரைப் பாதை ஐப்பசி மழையில் செம்மண் சேறாகிவிடும் என்பதால் டயரை மட்டும் மாற்றலாம் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன். பதிவுப் புதுப்பித்தல் நெருங்குகிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும், பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக எதையும் மாட்டிவிடாதீர்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். அதற்குக் கடைக்காரர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணே, நம்ம மாட்டுன வண்டி ஒண்ணுகூட எஃப்.சி.யில திரும்பி வந்ததில்ல. எல்லாம் அப்ரூவ்டு சாமான். பாஸ் ஆகலைன்னா நானே கழட்டிப் பழசை மாட்டி, காசையும் கையில குடுத்துடுறேன்.” லேமினேஷன் செய்த ஒரு சான்றிதழை மேசைமேல் வைத்தார், புனேயில் இருக்கும் வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் முத்திரை அதில் இருந்தது. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் வரிசையாக நின்ற ஜீப்புகளின் படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டி, இது பள்ளத்தூர் வண்டி, இது கோட்டையூர் வண்டி, எல்லாம் நம்ம கைவேலை என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, மதிப்பீட்டுச் சீட்டின் அடியில் பேனாவால் ‘எஃப்.சி. பொறுப்பு எங்களுடையது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஒரு வியாபாரி தன் கையால் எழுதிக் கொடுத்ததற்கு மேல் வாடிக்கையாளன் வேறென்ன கேட்பான்?

வண்டியை உயர்த்தும் உதிரிபாகத் தொகுப்பு (கிட்) 58,000, அலாய் சக்கரங்களும் டயர்களும் 84,000, முன்பக்க இரும்புப் பம்பரும் அதன்மேல் கம்பித் தடுப்பும் 27,000, எல்.இ.டி. விளக்குப் பட்டையும் வயரிங்கும் 17,000. ஆக மொத்தம் 1,86,000 ரூபாய். ஒரு லட்சத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டு, மீதி 86,000-ஐ ரொக்கமாகக் கேட்டார். கழற்றிய பழைய சக்கரங்கள், பம்பர் எல்லாவற்றையும், “குடோன்ல பத்திரமா இருக்கட்டும்ணே, உங்க வீட்ல எதுக்கு இடத்த அடைக்கணும்” என்று அவரே வைத்துக்கொண்டார். இந்த ஒரு வரியை மறக்காதீர்கள், பின்னால் வரும்.

ஆய்வு நாளில் வண்டியைச் சுற்றி வந்த ஆய்வாளர் முதலில் டயரின் பக்கவாட்டு எழுத்தைப் படித்தார். வண்டி நிறுவனம் கொடுத்த டயர் அளவு 235/70 ஆர்16. மாட்டியிருந்தது 265/75 ஆர்16. விட்டம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆகிறது, அதாவது ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65-க்கு மேல் ஓடுகிறது. பிறகு ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கச் சொன்னார். டயர் உள் மட்கார்டில் உரசும் சத்தம் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. சக்கரம் மட்கார்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்ததை டேப் வைத்துக் காட்டினார். கம்பித் தடுப்பு கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது என்றும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து மாறிய வண்டியைத் தாம் பதிவுக்குப் பரிந்துரைக்க முடியாது என்றும் பொறுமையாகவே சொன்னார். கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதும் இதைத்தான். 2019-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி இப்படி மாற்றிய ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதுவும் மாட்டிய கடைக்காரருக்கு இல்லை, வண்டி உரிமையாளருக்கு. அந்த லேமினேஷன் சான்றிதழ் ஏதோ ஒரு விளக்குக்குத் தரப்பட்டது. உதிரி பாகத்துக்குக் கிடைத்த சான்று அதை எந்த வண்டியிலும் மாட்டிக்கொள்ள அனுமதி ஆகாது. இது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

அன்று மாலையே கடைக்குப் போனேன். “ஆபிசர் புதுசுண்ணே, ரெண்டு நாள் பொறுங்க” என்றார். அடுத்து, “பணம் சப்ளையருக்குப் போயிருச்சு” என்றார். அதற்கடுத்த முறை கல்லாவில் இருந்த பையன், “ஓனர் மதுரை போயிருக்காரு” என்றான். பட்டறைக்குள் அவர் பேசுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி விழும், பதில் வராது. சீட்டில் எழுதிய வரியைக் காட்டியபோது, “அது ஃபிட்டிங்குக்கு எழுதுனதுண்ணே” என்று சிரித்தார். கடைசியில்தான் உண்மை வெளியே வந்தது: “இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் பழசை மாட்டி ஓட்டிட்டு வந்து, மறுபடி இதை ஏத்திக்கிறதுதான். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.” ‘கண்டிப்பா பாஸ் ஆகும்’ என்று அவர் விற்றது இந்த ஒளித்துவைக்கும் வித்தையைத்தான். சரி, என் பழைய சக்கரங்களையாவது எடுங்கள், உள்ளபடியே மாட்டிவிடுகிறேன் என்றேன். குடோனில் என் சக்கரம் இல்லை. வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். ‘ஆய்வு நாளுக்கு மட்டும்’ வேறு ஒரு செட் சக்கரத்தை 6,000 ரூபாய் வாடகைக்குத் தருவதாக என்னிடமே பேரம் பேசினார். என் சக்கரத்தை விற்ற மனிதர், எனக்குச் சக்கரம் வாடகைக்கு விடுகிறார்!

இத்தோடு முடியவில்லை. எங்கள் பழைய மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவர், “அண்ணே, முன்னாடி ஒரு சாமானும் புதுசா மாட்டலை, இருந்த டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி ஏத்திருக்கான்” என்றார். இந்தத் தாரில் வண்டியைத் தாங்குவது முன்பக்கம் டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி, பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் பட்டை. முன்னால் ஒரு போல்ட்டை முறுக்கியதற்கும், பின்னால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில் இரண்டு இரும்புக் கட்டைகளைச் செருகியதற்கும் 58,000 ரூபாய் ‘கிட்’ என்று பில். அளவுக்கு மேல் தூக்கியதால் முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து, அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் முழுக்கத் தெளித்திருந்தது. பிரேக் எண்ணெய்க் குழாய் வீணைத் தந்திபோல இழுபட்டு நின்றது. அந்த வண்டியில்தான் வீட்டுப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு குன்றக்குடிக்குப் போய் வந்தோம்.

விவரமாக வழிகாட்டிப் பட்டியல் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சில: மதிப்பீட்டுச் சீட்டு பில் ஆகாது, ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். மாட்டுவதற்கு முன்பே டயர் அளவை எழுதிக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் காட்டிக் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு கேட்கும் இடத்திலும் ‘அமைப்பை மாற்றிய வண்டி’ என்ற இதே வாதம் கிளம்பும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 1,86,000 ரூபாயும் விற்கப்பட்ட சக்கரங்களின் விலையும் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். வண்டி பதிவு இல்லாமல் கொட்டகையில் நிற்கிறது, தாமதக் கட்டணம் ஏறுகிறது. இதே மாதிரி ‘குடோன்ல இருக்கட்டும்ணே’ என்ற பேச்சை நம்பிப் பழைய சாமானை எந்தக் கடையில் விட்டு வைத்திருந்தாலும், நாளைக் காலையிலேயே போய் எண்ணி எடுத்து வந்துவிடுங்கள்.