ஆளில்லாத மால்: பனிச்சறுக்கா, கிடங்கா, ஆஸ்பத்திரியா?

அமெரிக்காவில் ஒரு மால் படுப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. சியர்ஸ், ஜேசி பென்னி, மேசிஸ் போல கூட்டத்தை இழுத்து வந்த பெரிய கடை ஒன்று மூடும். அங்கே பல வாடகை ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து உண்டு. பெரிய கடை போய்விட்டால், சுற்றியிருக்கும் சின்னக் கடைக்காரர்கள் வாடகையைக் குறைக்கச் சொல்லலாம், காலி செய்துகொண்டும் போகலாம். பிறகு ஷட்டர்கள் வரிசையாக இறங்கும். ஆன்லைன் வியாபாரத்தின் மீது மட்டும் பழி போட முடியாது. தேவைக்கு மேல் மால்களைக் கட்டித் தள்ளியதும் ஒரு காரணம்.

அப்படிக் காலியான இடத்தை என்ன செய்வது என்பதற்கு அங்கே பல வழிகளை முயன்று பார்த்துவிட்டார்கள். நம் ஊர்களிலும் பாதி இருண்டு கிடக்கும் மால்கள் இருப்பதால், அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது நமக்கும் பயன்படும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கேளிக்கை. இதற்குப் பெரிய உதாரணம் நியூ ஜெர்ஸியின் 'அமெரிக்கன் ட்ரீம்'. அது காலியான மாலை மாற்றியதல்ல, புதிதாகக் கட்டியது. 2019 அக்டோபரில் திறந்தது. கூரைக்கு அடியிலேயே பனிச்சறுக்கு மேடு, நீர் விளையாட்டுப் பூங்கா, ரோலர் கோஸ்டர் எல்லாம் வந்தன. பார்க்கப் பிரமிப்புதான். ஆனால் இதற்குக் கடன் வாங்க, இதைக் கட்டிய ட்ரிபிள் ஃபைவ் நிறுவனம் தன்னிடம் இருந்த மால் ஆஃப் அமெரிக்கா, வெஸ்ட் எட்மன்டன் மால் ஆகிய பெரிய மால்கள் இரண்டிலும் 49 சதவீதப் பங்கை ஈடாக வைத்தது. திறந்த சில மாதங்களில் கொரோனா வந்தது. 2021இல் அந்தப் பங்குகள் கையை விட்டுப் போயின. கொரோனா இல்லாமல் இருந்திருந்தாலும் எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை. பனிச்சறுக்குக்கு ஒரு குடும்பம் ஆண்டுக்கு எத்தனை முறை போகும்? வாடகையும் மின்கட்டணமும் மாதாமாதம் வருகின்றன.

அடுத்தது கிடங்கு. ஓஹையோவின் ராண்டல் பார்க் மால் 1976இல் திறந்தபோது உலகிலேயே பெரியது என்று விளம்பரம் செய்தார்கள். 2009இல் மூடி, பிறகு இடித்து, அந்த நிலத்தில் 2018இல் அமேசான் கிடங்கு வந்தது. வேலை கிடைக்கிறது, வரி வருகிறது, நிலம் சும்மா கிடக்கவில்லை. சின்ன ஊராட்சிக்கு இவை பெரிய விஷயங்கள், மறுக்கவில்லை. ஆனால் பாட்டியும் பேரனும் நடந்து திரிந்த இடத்துக்குள் இனி அடையாள அட்டை இருப்பவர்தான் நுழைய முடியும். ஊர் ஒரு பொது இடத்தை இழந்துவிட்டது.

கொலராடோவின் லேக்வுட் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. வில்லா இத்தாலியா மால் 2001இல் மூடியதும் பெரும்பகுதியை இடித்துவிட்டு, 104 ஏக்கரில் தெருக்கள் போட்டு, வீடும் கடையும் அலுவலகமும் கலந்த 'பெல்மார்' பகுதியைக் கட்டினார்கள். 2004இல் திறந்தது. அழகான தீர்வு. அதற்கு நகராட்சியின் முழு ஒத்துழைப்பும், பல ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய முதலீடும் வேண்டும். எல்லா ஊருக்கும் அது வாய்க்காது.

என் தேர்வு, இடிக்காமல் ஆள் மாற்றுவது. டென்னசியின் நாஷ்வில்லில் 'ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ்' மாலின் மாடியை 2009 வாக்கில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை கிளினிக்குகளாக மாற்றியது. கீழ்த்தளத்தில் கடைகள் அப்படியே இருந்தன. மாலில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்பும் அகலமான நடைபாதை, லிஃப்ட், பார்க்கிங், பேருந்து நிறுத்தம். வெளிநோயாளிக்கு வேண்டியதில் பாதி தயாராக இருக்கிறது. சர்க்கரை பார்க்க வருபவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வருவார், கூடவே ஒருவர் வருவார், காத்திருக்கும் நேரத்தில் கீழே இறங்கி எதையாவது வாங்குவார். கடைக்காரருக்கு இதைவிட உறுதியான கூட்டம் கிடைக்காது.

டெக்சஸின் ஆஸ்டினில் ஹைலண்ட் மாலை அந்த ஊர்க் கம்யூனிட்டி கல்லூரி வாங்கியது. பழைய ஜேசி பென்னி கடையில் 2014இல் 600க்கும் மேற்பட்ட கணினிகளோடு ஒரு பெரிய கற்றல் கூடம் திறந்தது. நடுவே தூண்கள் தள்ளித் தள்ளி நிற்கும் கடைத்தளம் அதற்கு வசதியாக அமைந்தது.

இந்த வழியிலும் சிக்கல் உண்டு. துணி, நகைக் கடைகளுக்கு ஜன்னல் தேவையில்லை என்று கட்டியிருப்பார்கள். வகுப்பறைக்கு வெளிச்சம் வேண்டும். கழிப்பறை ஒரு கோடியில் இருக்கும். கிளினிக்குக்கோ அறைக்கு அறை தண்ணீர்க் குழாயும் வடிகாலும் வேண்டும், அதற்குத் தளத்தையே துளைக்க வேண்டிவரும். வெர்மான்ட்டின் பர்லிங்டனில் பள்ளிக் கட்டடத்தில் நச்சு இரசாயனம் கண்டுபிடிக்கப்பட்டதால், 2021இல் உயர்நிலைப் பள்ளியையே காலியான மேசிஸ் கடைக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் எஸ்கலேட்டரில் ஏறி வகுப்புக்குப் போனார்கள். தடுப்புச் சுவர்கள் கூரைவரை எட்டாததால் பக்கத்து வகுப்புப் பாடமும் காதில் விழுந்தது. அவசரத்துக்கு அது போதும். நிரந்தரம் என்றால் சுவருக்கும் ஜன்னலுக்கும் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

சென்னையில் இதைப் பொருத்திப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது ஸ்பென்சர் பிளாசா. பழைய கட்டடம் 1983இல் எரிந்த பிறகு எழுந்த மால் அது. மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுக்கோ மாலைநேரக் கல்லூரிக்கோ இடம் கச்சிதம்: அண்ணா சாலை மேல் இருக்கிறது, எல்ஐசி மெட்ரோ நிலையம் நடக்கும் தூரம். தடை வேறு இடத்தில். ஹைலண்டை ஒரு கல்லூரி வாங்கி முடிவெடுத்தது. ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸில் மாடியை மொத்தமாக வாடகைக்கு எடுக்க முடிந்தது. ஸ்பென்சரில் பல கடைகள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தம். ஒரு தளத்தை மாற்ற வேண்டுமென்றால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் அங்கே கட்டடக் கலைஞரைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஒரு தளத்தின் உரிமையாளர்களாவது சேர்ந்து, மொத்தமாக ஒரே நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, வாடகையைச் சதுர அடிக் கணக்கில் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு வர வேண்டும். இனி புதிதாக மால் கட்டுபவர்கள் கடைகளைத் துண்டு துண்டாக விற்காமல் வாடகைக்கு மட்டுமே விட்டால், அடுத்த தலைமுறைக்கு இந்தத் தலைவலி இருக்காது.