அங்கோர் 3 நாள் பாஸ்: இரண்டு பேருக்குக் கட்டுப்படியாகுமா?

கம்போடியாவின் சியெம் ரீப்புக்குக் கையிருப்பைப் பார்த்துக் கிளம்பும் அக்கா தம்பியோ அண்ணன் தங்கையோ முதலில் கை வைப்பது அங்கோர் என்னும் பழங்கோயில் தொகுதியின் நுழைவுச்சீட்டில்தான். 1 நாளுக்கு 37 டாலர், 3 நாளுக்கு 62, 7 நாளுக்கு 72. இரண்டால் பெருக்கிப் பார்த்ததும் ஒரு நாள் போதும் என்று தோன்றிவிடும். ஆனால் ஒரே நாளில் ஓடினால் அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் என்ற மூன்று கோயில்களைப் பார்ப்பதற்குள் கால் ஓய்ந்துவிடும், கண்ணில் எதுவும் நிற்காது. ஆளுக்கு 25 டாலர் கூடப் போட்டால் இன்னும் இரண்டு நாள் கிடைக்கிறது. அதனால் 3 நாள் பாஸ்தான் சரி. 10 நாளுக்குள் எந்த 3 நாள் வேண்டுமானாலும் போகலாம், தொடர்ந்து போக வேண்டியதில்லை. நடுவில் ஒரு நாள் ஓய்வு கட்டாயம் வையுங்கள். ஏப்ரல் வெயிலில் அது இல்லாமல் முடியாது.

சீட்டு வாங்கும் இடம் ஊருக்குள் இருக்கிறது, கோயில் வாசலில் கிடையாது. அங்கேயே படம் பிடித்துச் சீட்டில் அச்சிடுவார்கள் என்பதால், எவ்வளவு முகஜாடை இருந்தாலும் ஒருவர் சீட்டில் மற்றவர் போக முடியாது. கோயிலுக்குக் கோயில் கேட்பார்கள். இரண்டு சீட்டையும் ஒரே பையில் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனால் பையில்லாதவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். தாள் சீட்டு என்றால் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். மாலை 4:45க்குப் பிறகு வாங்கினால் மறுநாளிலிருந்துதான் கணக்கு. அன்று சாயங்காலம் சூரியன் மறைவதையும் பார்த்துவிடலாம். அதற்கு ப்ரே ரூப் கோயிலுக்குப் போங்கள். ப்னொம் பாகெங் குன்றுக் கோயிலின் மேலே ஒரே நேரத்தில் 300 பேரைத்தான் விடுவார்கள், வரிசையிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

அடுத்த பெரிய செலவு டுக்டுக், நம் ஊர் ஆட்டோ போன்ற வண்டி. வண்டிக்குத்தான் வாடகை, ஆளுக்கு இல்லை. இரண்டு பேராகப் போவதன் உண்மையான லாபம் இதில்தான். கோயில்களைச் சுற்றிவர இரண்டு வழி உண்டு: சின்னச் சுற்று 17 கிலோமீட்டர், 15 முதல் 20 டாலர். பெரிய சுற்று 26 கிலோமீட்டர், 20 முதல் 25. விடியற்காலைப் புறப்பாட்டுக்கும் தள்ளியிருக்கும் பன்தேய் ஸ்ரேய் கோயிலுக்கும் தனிக்காசு. இதெல்லாம் ஏறுவதற்கு முன்பே பேசி, எந்தெந்தக் கோயில் என்று எழுதிக் காட்டிவிட வேண்டும். சச்சரவு பெரும்பாலும் "அது இதில் சேராது" என்ற இடத்தில்தான் வரும். இன்னொன்று: ப்ரே கான், தா ப்ரோம் போன்ற இடங்களில் ஒரு வாசலில் இறக்கிவிட்டு எதிர் வாசலில் காத்திருப்பார்கள். எந்த வாசல் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வண்டியை ஒரு படம் எடுத்து வையுங்கள், ஒரே மாதிரி டுக்டுக்குகள் வரிசையாக நிற்கும். கிழிந்த டாலர் நோட்டை யாரும் வாங்கமாட்டார்கள். சில்லறைக்குக் கம்போடியக் காசான ரியெல் தருவார்கள், 1 டாலருக்குச் சுமார் 4,000.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். காலையில் வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் குளத்தோரம் நின்று எடுக்கும் படத்தில் கோபுரங்கள் கறுப்பு உருவமாகத்தான் விழும். சிற்பமும் கல்லும் தெரிய வேண்டுமானால் பிற்பகல் 3 மணிக்குமேல் திரும்ப வாருங்கள். 3 நாள் பாஸ் இருந்தால் இதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. விடிந்ததும் கூட்டம் காலைச் சாப்பாட்டுக்குக் கலையும், அந்த நேரம் உள்ளே போய்விடுங்கள். உச்சித் தளமான பாகானில் ஏற தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும், துப்பட்டாவைப் போர்த்திச் சமாளிக்க முடியாது. பௌத்தப் புனித நாட்களில் அது மூடியிருக்கும். நம் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமிகள். ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

கீழே கிழக்குப் பிரகார மண்டபத்தின் தென்பகுதியில் பாற்கடல் கடையும் சிற்பம், ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். இடப்பக்கம் 92 அசுரர், வலப்பக்கம் 88 தேவர், நடுவே திருமால், கீழே ஆமை. அதற்கு மட்டும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மத்தின் அருகே மீன்களை உற்றுப் பாருங்கள்: கடையும் வேகத்தில் இரண்டாக அறுபட்டுக் கிடக்கின்றன. ஓரத்து மீன்கள் முழுசாக நீந்துகின்றன.

தா ப்ரோமுக்கு 7:30 திறப்புக்கே போய்விடுங்கள். 9 மணிக்கு மேல், கட்டடத்தைக் கவ்வி நிற்கும் மரவேரைப் பார்க்க வரிசை கட்டுவார்கள்.

மூன்றாம் நாளைப் பன்தேய் ஸ்ரேய்க்கு வையுங்கள். டுக்டுக்கில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், புழுதி அதிகம், முகக்கவசம் வேண்டும். 967இல் குடமுழுக்கு கண்ட சிறிய சிவன் கோயில், இளஞ்சிவப்புக் கல். கிழக்கு வாயில் முகப்பில் ஆடும் சிவனின் காலடியில், வற்றிய மார்போடு எலும்பு துருத்திய ஒரு பெண் உருவம் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். உயரத்தில் இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது, கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கித் தேடுங்கள்.