கீட்டோகோனசோல் ஷாம்பு: வேலை செய்கிறது, நுரையை உடனே அலசிவிடாதீர்கள்

மெடிக்கல் ஷாப்பில் பொடுகு ஷாம்பு என்று கேட்டால் முதலில் டிவி விளம்பரத்தில் வரும் பாட்டிலைத்தான் எடுத்து வைப்பார்கள். அதற்குப் பதிலாக கீட்டோகோனசோல் 2 சதவீதம் என்று மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஏகப்பட்ட கம்பெனிகள் ஆளுக்கொரு பெயர் வைத்து விற்கின்றன, உள்ளே வேலை செய்யும் சரக்கு ஒன்றுதான், அதனால் நான் எந்த பிராண்டையும் சிபாரிசு செய்யப் போவதில்லை. பின்பக்கச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு விலை குறைந்ததை வாங்கிக்கொள்ளலாம்.

காலேஜ் காலத்திலிருந்தே பொடுகோடு வாழும் மண்டை என்னுடையது. தோளில் வெள்ளைப் பொடி கொட்டுவது மட்டும் என்றால் பரவாயில்லை, காதுக்குப் பின்னால், புருவத்தில், மூக்கோரத்தில் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சளாகச் செதில் எழும்பும், ஹெல்மெட்டைக் கழற்றினால் பத்து விரலாலும் சொறியத் தோன்றும். தோல் டாக்டர்கள் இதை செபோரிக் டெர்மடைட்டிஸ் என்கிறார்கள். சாதாரணப் பொடுகு என்பது இதே தொல்லையின் லேசான வடிவம்.

காரணம் மலாசீசியா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. இது எல்லோர் தலையிலும் இருக்கிறது, குளிக்காதவன் தலையில் மட்டும் குடியேறுவதில்லை, சீப்பு மாறியதால் தொற்றுவதும் இல்லை. தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துத் தின்றுவிட்டு ஓலிக் அமிலம் மாதிரியான கழிவை விட்டுவைக்கும். சிலருடைய தோல் அதைக் கண்டுகொள்ளாது, சிலருடையது எரிச்சலாகி, வழக்கமாக ஒரு மாதம்போல எடுத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் உதிர வேண்டிய செல்களை அவசர அவசரமாக மேலே தள்ளும். அவை கொத்துக் கொத்தாக உதிர்வதைத்தான் நாம் பொடுகு என்கிறோம். ஆகவே தலையை எவ்வளவு தேய்த்துக் கழுவுகிறோம் என்பதைவிட அந்தப் பூஞ்சையைக் கட்டுப்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி, இந்த ஷாம்பு அதை நன்றாகவே செய்கிறது.

பயன்படுத்தும் முறையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முடிக்குப் போடாதீர்கள், வகிடு பிரித்து மண்டைத் தோலில் படும்படி போடுங்கள். போட்டுவிட்டு 3 முதல் 5 நிமிடம் அப்படியே விட வேண்டும், மருந்து தோலில் இறங்க அந்த நேரம் வேண்டும். அதற்குள் சோப்புப் போட்டு உடம்பைக் குளித்து முடிக்கலாம். நுரையைப் புருவத்திலும் காதோரத்திலும் லேசாகத் தடவிக்கொள்ளலாம், கண்ணில் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, 2 முதல் 4 வாரம். எனக்கு முதலில் அடங்கியது அரிப்பு, அப்புறம்தான் செதில். வேலை செய்யவில்லை என்று சொன்ன நண்பர்களை விசாரித்தால் பெரும்பாலும் போட்ட கையோடு அலசியவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

அடுத்தது எண்ணெய். இதைச் சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ராத்திரி தலை நிறைய தேங்காய் எண்ணெய் வைத்துப் படுத்தால் செதில் ஊறி மண்டையோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் காலையில் பொடுகு குறைந்த மாதிரி தெரியும். ஆனால் அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடே கொழுப்புதான். பொடுதலைத் தைலமும் வெட்பாலைத் தைலமும் பலருக்குப் பிடித்தவை, அவற்றையும் எண்ணெயில்தான் காய்ச்சுகிறார்கள் அல்லது ஊறவைக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனமில்லை என்றால் குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வைத்துவிட்டு மிச்சமில்லாமல் கழுவிவிடுங்கள், தடித்த செதிலை இளக்க அது உதவவும் செய்யும். எலுமிச்சம்பழத்தைச் சொறிந்த புண்ணில் தேய்க்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம், எரியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முடி வைக்கோலாகிவிடும், அதிலும் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் கேட்கவே வேண்டாம், நுனிக்கு மட்டும் கண்டிஷனர் போட வேண்டியிருக்கிறது. வாசனை மருந்து வாசனை. டை அடித்தவர்களுக்கும் கெமிக்கல் ஸ்ட்ரெயிட்டனிங் செய்தவர்களுக்கும் நிறமோ நேர்த்தியோ கெடலாம். சின்ன பாட்டிலுக்கு சாதாரண ஷாம்புவைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நிறுத்தினால் பொடுகு திரும்ப வருவது. அடங்கிய பிறகும் வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிரந்தரமாகப் போய்விடும் என்று எந்தப் பாட்டில் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒன்று, கீட்டோகோனசோல் என்று கூகுளில் தேடினால் கல்லீரல் பாதிப்பு என்று பயமுறுத்தும். 2013இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கட்டுப்பாடு போட்டது மாத்திரைக்கு. ஷாம்பு வழியாக ரத்தத்துக்குப் போவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

லேசான பொடுகுதான் என்றால் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை, 1 சதவீத ஜிங்க் பைரிதியோன் ஷாம்பு போதும். செலினியம் சல்ஃபைடும் நல்ல மருந்துதான், அதன் நாற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மெடிக்கலில் அரிப்பு என்றதும் டாக்டர் சீட்டே இல்லாமல் ஸ்டீராய்டு லோஷனை எடுத்து நீட்டினார்கள். அதைப் போட்டால் சட்டென்று அடங்கும், ஆனால் நாமாகவே மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும், டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்த வேண்டிய மருந்து அது.

ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் மாற்றம் இல்லையா, மேலே இன்னொரு ஷாம்புவுக்குச் செலவு செய்யாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வெள்ளிபோல மின்னும் தடித்த செதில் முடிக்கோட்டைத் தாண்டி நெற்றிக்கு இறங்கியிருந்தால், முழங்கையிலும் முழங்காலிலும் அதேபோல இருந்தால், சோரியாசிஸாக இருக்கலாம். ஸ்கூல் போகும் பிள்ளைக்கு அரிப்பு என்றால் முதலில் பேன், ஈறு பாருங்கள். பிள்ளையின் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதில் இருந்தால் அது படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு வாய்வழி மாத்திரைதான், இந்த ஷாம்பு மட்டும் போதாது.