புத்தாண்டு அசனத்தை ஒப்பந்தத்துக்கு விட்டோம்: ருசிக்கு நாலரை, கணக்குக்கு ஒன்று

நாசரேத் வட்டாரத்தில் சிறிய சி.எஸ்.ஐ. சபை எங்களுடையது. ஜனவரி முதல் தேதி நற்கருணை ஆராதனை முடிந்ததும் அசனம், அதாவது எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் பொது விருந்து, வைப்பது வழக்கம். இந்த வருடம் முதன்முறையாக வெளியூர்ச் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அதை ஒப்படைத்தோம். இதே யோசனையில் இருக்கும் சபைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். அவர் பெயர் இங்கே வேண்டாம்.

ஆள் இல்லை, அதுதான் காரணம். விறகு உடைத்து, கிடாரம் தூக்கிய பையன்கள் எல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் புத்தாண்டுக்குள் ரயிலேறிவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழையில் எங்கள் சமையல் கொட்டகையும் போயிற்று. அந்தப் புத்தாண்டுக்கு அசனமே இல்லை. வாங்கி வைத்திருந்த அரிசியை நிவாரண முகாமுக்குக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு அறுபதைத் தாண்டியவர்கள்தான் அண்டாவைத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் பொங்கல் வரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

கமிட்டியில் ஒரு பெரியவர் எழுந்து, "வெளி ஆள் கைபட்டால் அது கல்யாணச் சாப்பாடு, அசனம் இல்லை" என்றார். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் நான், "விடிய விடிய வெங்காயம் உரித்தது யார் கை அண்ணாச்சி?" என்று கேட்டேன். மாறுதலாகி வந்து சில மாதமே ஆகியிருந்த ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்), சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார்.

அதன் பலனை டிசம்பர் 31 இரவு ஆராதனையிலேயே கண்டோம். மற்ற வருடங்களில் பிரசங்கம் தொடங்கும்போதே பெண்கள் ஒவ்வொருவராக நழுவி வெங்காய மூட்டையிடம் போய்விடுவோம். புத்தாண்டுக்கு ஆளுக்கொன்றாக எடுக்கும் வேத வசன அட்டையான என் வாக்குத்தத்த அட்டையைக்கூட மதினிதான் எடுத்து வருவாள். இந்த முறை கடைசி ஆசீர்வாதம் வரை உட்கார்ந்திருந்து, தட்டிலிருந்து நானே எடுத்தேன். ஐயர் ஏசாயா 43ஆம் அதிகாரத்தில், முந்தினவைகளை நினைக்கவேண்டாம் என்ற வசனத்தை எடுத்துப் பேசினார். "அசனத்தைத்தான் சொல்கிறார்" என்று பெரியவர் முணுமுணுத்தது மூன்று வரிசைக்குக் கேட்டது.

சாப்பாட்டில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வறுத்து அரைத்த மல்லியும் தேங்காயும் கறியில் நன்றாகப் பிடித்திருந்தன. எலும்பைத் தட்டினால் மச்சை இலையில் விழுந்தது. கத்தரிக்காய்க் கூட்டில் காய் கரைந்துபோகவில்லை. சோறு கடைசிப் பந்தி வரை சூடு. கேஸ் அடுப்பு என்பதால் பனை மட்டைப் புகையின் வாசம் மட்டும் இல்லை. பெரியவர் குழம்பை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். சமையலாட்கள் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனாலும் ஐயர் ஜெபித்து முடிக்கும்வரை மூடியைத் திறக்காமல் கைகட்டி நின்றார்கள்.

சிக்கல் மூன்றாம் பந்தியில் வந்தது. பேசியது 800 இலை. அசனத்துக்கு அழைப்பிதழ் ஏது? பக்கத்துத் தெரு, பக்கத்து ஊர், கோயில் கொடைக்கு நம்மைக் கூப்பிடுகிறவர்கள் என எல்லாரும் உரிமையோடு வருவார்கள். அவருடைய ஆள் ஒருவர் நோட்டில் இலைக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். 800 ஆனதும் கறி அண்டா மூடிக்கொண்டது. "டீச்சர், இதற்கு மேல் இலைக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்" என்றார் ஒப்பந்தக்காரர். ஐயாயிரம் பேரைப் பார்த்ததும் இருநூறு பணத்துக்கு அப்பம் போதாது என்று கணக்குச் சொன்ன பிலிப்புதான் எனக்கு நினைவுக்கு வந்தார். ஐயர் ஓடி வந்து, "பரிமாறுங்கள், சபை கொடுக்கும்" என்றார். ஆனால் அண்டாவில் மிச்சம் இருந்ததே கொஞ்சம். எங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் அவசரமாக உலை வைத்து, கடைசியாக வந்தவர்களுக்கு ரசமும் அப்பளமும் போட்டோம். விருந்தாளி கறி இல்லாமல் எழுந்துபோன அசனம் எங்கள் ஊரில் இதற்கு முன் நடந்ததில்லை.

நடமாட முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பும் வழக்கத்தையும் யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. இலைக் கணக்கில் தூக்குவாளிக்கு இடம் இல்லை. ஆனால் விஷயம் தெரிந்ததும் தன் ஆட்களுக்கு எடுத்து வைத்திருந்த குழம்பிலிருந்து மனிதர் நிரப்பிக் கொடுத்தார். அதனால்தான் மொத்தத்தில் மூன்றரை மதிப்பெண் போடுகிறேன்.

மற்ற சபைகளுக்குச் சொல்வது இதுதான்: இலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். அரிசி, ஆடு, மளிகை எல்லாவற்றையும் சபையே வாங்கிவிட்டு, சமையல் கூலியை மட்டும் பேசுங்கள். வாங்கியது தீரும்வரை பந்தி ஓடும். கோடு போட ஆள் வேண்டியதில்லை. எங்கள் கமிட்டியும் அப்படித்தான் தீர்மானம் வைக்கப்போகிறது. கைப்பக்குவத்துக்காக அவரையே கூப்பிடலாம் என்பது என் கட்சி. போனில் கேட்டதற்கு, கூலிக்கு வரச் சம்மதம், ஆனால் விறகடுப்பு என்றால் கூலி கூடும் என்றார்.