ரோட்மேப்புக்கு ட்ரெல்லோ இலவசக் கணக்கு போதுமா? நாகர்கோவில் டீம்களுக்காக ஒரு மதிப்புரை

செயலியில் எதை முதலில், எதைப் பிறகு செய்வது என்ற திட்டம்தான் ரோட்மேப். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே ஒரு செயலியை நடத்தும் டீமுக்கு, வேலைகளைக் கார்டுகளாக எழுதி லிஸ்ட்டுகளில் அடுக்கும் இணையக் கருவியான ட்ரெல்லோவின் இலவசக் கணக்கு தாராளமாகப் போதும். ஒரு ஒர்க்ஸ்பேஸில் (டீமின் போர்டுகள் எல்லாம் இருக்கும் இடம்) 10 போர்டு, 10 பேர், ஃபைல் ஒன்றுக்கு 10 எம்பி. கார்டு எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கெஸ்ட்டாக அழைத்தவரும் அந்தப் பத்துப் பேரில் அடக்கம் என்பதால் வாடிக்கையாளரை உள்ளே சேர்க்காதீர்கள். மாதம் ஒருமுறை போர்டைப் பிரிண்ட் எடுத்துக் காட்டினாலே போதும்.

லிஸ்ட்டுகளுக்கு, புராடக்ட் மேலாண்மை நிபுணர் ஜன்னா பாஸ்டோ பரவலாக்கிய முறையே சரி: இப்போது, அடுத்து, பிறகு. கூடவே ‘செய்யமாட்டோம்’ என்று ஒன்று கட்டாயம் வையுங்கள். மறுத்த காரணத்தை அந்தக் கார்டிலேயே எழுதிவிட்டால், அதே கோரிக்கை மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரும்போது மீட்டிங் நீளாது. ‘இப்போது’ லிஸ்ட்டில் மூன்று கார்டுக்கு மேல் வேண்டாம்.

கார்டின் தலைப்பில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ‘ரேட் பக்கம்’ என்று எழுதினால் டெவலப்பர் ஒரு பக்கத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ‘தோவாளை மொத்தப் பூ வியாபாரிக்கு ரேட் கேட்டு வரும் போன் பாதியாகக் குறைய வேண்டும்’ என்று எழுதினால், வேலை முடிந்ததா என்று அளந்து பார்க்க முடியும். பக் (பிழை) திருத்தம், சர்வர் வேலை போன்றவை இந்தப் போர்டுக்குள் வரவே கூடாது. வந்தால் இரண்டே வாரத்தில் ரோட்மேப் வெறும் வேலைப் பட்டியலாகிவிடும். அவற்றுக்குத் தனி போர்டு வைத்து, கார்டின் லிங்கை மட்டும் இங்கே இணையுங்கள்.

எந்தக் கார்டு முதலில் என்று முடிவுசெய்ய மதிப்பெண் போட ரைஸ் (RICE) கணக்கு உதவும்: எத்தனை பேருக்கு × எவ்வளவு பலன் × எவ்வளவு நிச்சயம் ÷ எத்தனை ஆள்-மாத உழைப்பு. உதாரணமாக 300 × 2 × 80% ÷ 4 = 120. இன்னொரு சின்ன வேலை 500 × 0.5 × 50% ÷ 1 = 125. சின்னது முந்துகிறது, ஆனால் அதன் நிச்சயம் வெறும் 50%. ஐந்து புள்ளி வித்தியாசத்தை நம்பி வரிசையை மாற்றக் கூடாது. கஸ்டம் ஃபீல்டு (கார்டில் மதிப்பெண் போன்றவற்றுக்கு நாமே சேர்க்கும் தனிக் கட்டம்) இலவசக் கணக்கில் கிடையாது என்பது இங்கே உறுத்தும் குறை. மதிப்பெண்ணைத் தலைப்பின் முன்னால் எழுதி, கார்டுகளைக் கையால்தான் நகர்த்த வேண்டும்.

தேதி விஷயத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மீன் ஏலத்துக்கான செயலி என்றால், கிழக்குக் கடலில் விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் கிழக்குப் பக்கமுள்ள சின்னமுட்டத்தில் சோதனை ஓட்டம் வைத்தால் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். மேற்குப் பக்கமுள்ள குளச்சல், முட்டத்தில் அப்போது கடலுக்குப் போவார்கள், எனவே சோதனையை அங்கே மாற்றலாம். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் மூடல். பூ ஆர்டர் செயலிக்கு ஓணம்தான் கெடு. மதிப்பெண் எதுவாக இருந்தாலும் அந்தக் கார்டு முன்னே வந்தாக வேண்டும். இப்படி வெளியிலிருந்து வரும் தேதிகளை மட்டும் கார்டில் போடுங்கள். மற்றவற்றுக்கு ‘அடுத்து’, ‘பிறகு’ போதும்.

இதனால்தான், வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் டைம்லைன் காட்சிக்காகப் பிரீமியம் என்ற கட்டணக் கணக்குக்குப் போவதைப் பரிந்துரைக்கவில்லை. ஆண்டுக் கட்டணமாகக் கட்டினாலும் ஆளுக்கு மாதம் 10 டாலர். காசைவிட மோசம், அந்தப் பட்டைகளைப் பார்த்ததும் விற்பனைப் பிரிவு அதை வாடிக்கையாளரிடம் வாக்குறுதியாகச் சொல்லிவிடும்.

இரண்டு மூன்று செயலிகளுக்கு ஒரே ரோட்மேப் வேண்டுமென்றால் ட்ரெல்லோ தாங்காது. அப்போது ட்ரெல்லோவை நடத்தும் அதே அட்லாசியன் நிறுவனத்தின் ஜிரா புராடக்ட் டிஸ்கவரி என்ற ரோட்மேப் கருவியைப் பாருங்கள். போர்டை உருவாக்கி எழுதுபவர் மூன்று பேர் வரை அதுவும் இலவசம், மதிப்பெண் கணக்கையும் அதுவே போட்டுக்கொள்ளும்.