ஓடிப் பார்க்கத் தந்தது வேறொருவரின் பைக், போனது என் 185,000 ரூபா

நேற்றுப் பின்னேரம்தான் எனக்கு உண்மை தெரியவந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை. இந்தக் கிழமையும் யாராவது ஒருவர் அந்தக் கடைக்குக் காசோடு போகக்கூடும், அதனால்தான் விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். என்னைப்போல வயது போனவர்கள் பைக் வாங்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு 61 வயது. முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிறேன். மோட்டார் சைக்கிள் எனக்குப் புதிதல்ல. 90களில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் வன்னி முழுக்க ஓடியவன். இப்போது வலது முழங்கால் சரியில்லை. சின்ன பைக்கில் காலை மடக்கிக்கொண்டு மாங்குளம் வரை போய் வந்தாலே அன்றிரவு எண்ணெய் பூசித்தான் படுக்கவேண்டும். குரூசர் என்றால் கால் முன்னுக்கு நீட்டி இருக்கலாம், இருக்கை உயரம் குறைவு, முதுகு நிமிர்ந்திருக்கும் என்று மருமகன் சொன்னார். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கடை ஏ9 வீதியோரம். கம்பனி ஏஜென்சி இல்லை. எல்லா வகை பைக்கும் வாங்கி விற்று, பின்பக்கம் கராஜும் வைத்திருக்கிற கடை. அங்கே றோயல் என்ஃபீல்ட் மீற்றியர் 350 என்ற குரூசர் ஒன்று நின்றது. “இது டெமோ ஐயா, ஓடிப் பாருங்கோ. உங்களுக்குக் கொழும்பில இருந்து புதுசு வரும்” என்று அங்கே நின்ற பெடியன் திறப்பைக் கையில் தந்தான்.

ஓடினேன். 191 கிலோ வண்டி, கடை வாசலில் இருந்து பின்னுக்குத் தள்ளி எடுக்கும்போது இடுப்புக்குத் தெரிந்தது. ஆனால் ஏறி இருந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. இருக்கை உயரம் 765 மில்லிமீற்றர்தான், இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட்டன. கியரைக் குதிக்காலாலும் மாற்றலாம் என்பதால் பெருவிரலை வளைத்துத் தூக்கத் தேவையில்லை. ஏ9இல் ஒரு ஐந்து கிலோமீற்றர் போய்த் திரும்பினேன். வளைத்துத் திருப்பும்போது மட்டும் பாரம் ஒரு பக்கம் இழுத்தது, மற்றபடி முழங்கால் ஒரு தரம்கூட வலிக்கவில்லை. இந்த வண்டியில் முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் போகலாம், திருக்கேதீச்சரத்துக்கும் போகலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதை இப்போதும் சொல்வேன்.

திரும்பி வந்ததும் அந்தப் பெடியன் தேத்தண்ணி எடுப்பித்தான். நான் வண்டியில் இருக்கிற மாதிரி என் ஃபோனில் படம் எடுத்துத் தந்தான். எந்த ஊர் என்று கேட்டேன். “நாங்களும் மாத்தளனால வந்த ஆக்கள்தான் ஐயா. அப்பா அங்கதான் போனவர். அப்பாக்குச் செய்யிற மாதிரி உங்களுக்குச் செய்து தருவன்” என்றான்.

மாத்தளன் என்றால் 2009இல் போரின் கடைசி மாதங்களில் சனம் சிக்கியிருந்த கடற்கரைப் பக்கம். அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. மாத்தளனில் நின்றவனுக்கு மாத்தளனில் நின்றவன் பொய் சொல்லுவானா? கடைக் கணக்குக்குப் போட்டால் வரி சேரும், என் கணக்குக்குப் போடுங்கோ என்றான், போட்டேன். முற்பணம் 185,000 ரூபா. சிறுபோக நெல் விற்ற காசு. பற்றுச்சீட்டு கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் அழுததுபோல இருந்த நேரத்தில் எப்படிக் கேட்பது?

மூன்று கிழமையில் வரும் என்றான். மூன்று கிழமை கழித்துக் கேட்டால் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறதாம். பிறகு கஸ்டம்ஸில் தாமதமாம். இறக்குமதிக் கதை எல்லாம் செய்தியில் கேட்டதுதானே என்று அதையும் நம்பினேன். காசைத் தந்துவிடு தம்பி என்று கேட்டதும் கணக்குப் பார்க்கிற அக்கா லீவு என்றான். அடுத்த கிழமையும் அந்த அக்கா லீவுதான். அப்புறம் வட்ஸ்அப்பில் பார்த்ததற்கான நீலக் கோடு மட்டும் வரும், பதில் வராது.

போன திங்கள் நேரில் போனேன். முதலாளி என்று ஒருவர் வந்தார். “அவர் இப்ப இங்க வேலை செய்யிறேல்ல. அவரின்ர சொந்தக் கணக்குக்குப் போட்ட காசுக்குக் கடை பொறுப்பில்லை” என்றார். என்னை இருக்கச் சொல்லவும் இல்லை. திரும்பி வரும்போது பார்க்கிறேன், கராஜ் பக்கம் அந்தப் பெடியன் நின்று யாருடனோ கதைத்துக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டேன். உள்ளே போய்விட்டான்.

நேற்று கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு முழங்கால் காட்டிவிட்டு பஸ்ஸில் வந்தேன். முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கத் திரும்பினால், அதே மீற்றியர். டாங்கியில் அதே கீறல். ஃபோனில் இருந்த படத்தை எடுத்து நம்பரை ஒத்துப் பார்த்தேன். அதே நம்பர். பக்கத்தில் நின்ற இளைஞனிடம் கேட்டேன். “அங்கிள், இது என்ர பைக். ஓயில் மாத்த ரெண்டு நாள் அந்தக் கராஜில விட்டனான்” என்றான். படத்தைக் காட்டினேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. தேவையென்றால் பொலிசுக்கும் வந்து சொல்கிறேன் என்று தன் நம்பரைத் தந்தான், நல்ல பிள்ளை.

டெமோவும் இல்லை, கப்பலும் இல்லை. ஓயில் மாற்ற விட்ட வண்டியைக் காட்டி 185,000 ரூபாவை வாங்கியிருக்கிறார்கள்.

வயதுக்கு ஏற்ற பைக்கை எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஓடிப் பார்க்க ஏற முதல் அந்த வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள், அது யாருடைய பெயரில் இருக்கிறது என்று வாசியுங்கள். தனி ஆளின் கணக்குக்கு ஒரு சதமும் போடாதீர்கள். எந்த ஊர்க்காரன் என்றாலும் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு எழும்புங்கள். ஏமாந்திருந்தால் பாவனையாளர் அதிகார சபையின் 1977க்கு எடுத்துச் சொல்லுங்கள், நானும் இன்று எடுக்கிறேன்.

அந்தக் கடையில் காசு கட்டிய வேறு யாராவது இருந்தால் சிலிப்பைக் கவனமாக வையுங்கள். நான் 185,000 ரூபா போட்ட சிலிப்பையும் அந்தப் படத்தையும் கொண்டு நாளைக் காலை பொலிசுக்குப் போகிறேன்.